வரைபடத்தில் இல்லாத மரம்

எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் வேலை தொடங்கியபோது, மேற்பார்வையாளர் கையில் வைத்திருந்த வரைபடத்தை ஒருநாள் காலையில் பார்க்கக் கிடைத்தது. மின்கம்பங்கள் சிறு வட்டங்களாகவும், மின்பெட்டிகள் சதுரங்களாகவும், மேன்ஹோல்கள் எண்ணிடப்பட்டும் அதில் இருந்தன. எந்த வீட்டின் வாசற்படி எத்தனை அடி முன்னால் நீண்டிருக்கிறது என்பதுகூடக் குறிக்கப்பட்டிருந்தது. தெருமுனையில் நிற்கும் தூங்குமூஞ்சி மரம் மட்டும் அதில் இல்லை. இருவர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடிகிற அடிமரம் அது. அதன் நிழலில் ஓர் இஸ்திரி வண்டியும் நான்கைந்து ஆட்டோக்களும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நிற்கின்றன. வடிகாலுக்கான கோடு அந்த மரத்துக்கு இரண்டடி தள்ளி நேராகச் சென்றது. இரண்டு நாள் கழித்து வந்த ஜேசிபி, அந்தக் கோட்டின் வழியே மண்ணை அள்ளும்போது, தொடைப் பருமன் உள்ள மூன்று வேர்களையும் சேர்த்து இழுத்துவிட்டது. அறுந்த முனைகள் வாளால் அறுத்ததுபோல இல்லை. வாளியின் பற்கள் இழுத்த இழுப்பில் நார்நாராகக் கிழிந்து தொங்கின. மரம் வெட்டப்படவில்லை. ஆகவே யாரிடமும் அனுமதி கேட்கவேண்டிய அவசியமும் எழவில்லை.

நகரங்களில் முதிர்ந்த மரங்கள் அழிவதைப் பற்றிப் பேசும்போது நம் மனத்தில் எழுவது ரம்பமும் கோடரியும்தான். போராட்டங்களும் வழக்குகளும் செய்திகளும் அந்தக் கடைசிக் கட்டத்தையே சுற்றி நிகழ்கின்றன. ஆனால், ஒரு மரம் பிழைக்குமா பிழைக்காதா என்பது பெரும்பாலும் அதற்குப் பல மாதங்கள் முன்பே, சாலையோ வடிகாலோ கட்டடமோ தாளில் கோடாக வரையப்படும்போதே, முடிவாகிவிடுகிறது. மரங்களைக் காக்கும் சட்டங்கள் நம் நாட்டில் இருக்கின்றன. சில மாநிலங்களில் அவை ஐம்பது ஆண்டுப் பழமை உடையவை. அந்தச் சட்டங்கள் அந்த முதல் கோட்டைத் தொடுவதில்லை என்பதுதான் குறை.

முதிர்ந்த மரத்துக்கு ஏன் தனிக் கவனம் வேண்டும், வெட்டினால் வேறு நட்டுக்கொள்ளலாமே என்ற கேள்விக்கு முதலில் விடை காண வேண்டும். பதினைந்து மீட்டர் விரிந்த ஒரு மரத்தின் கவிகை, அதாவது கிளைகளும் இலைகளும் சேர்ந்த குடை, உச்சிவெயிலில் சுமார் 177 சதுர மீட்டர் நிலத்தில் நிழல் பரப்பும். ஒரு மீட்டர் விரிந்த இளங்கன்று முக்கால் சதுர மீட்டருக்குச் சற்று மேலான இடத்தை மறைக்கும். ஒன்றுக்குப் பத்து என்று கன்றுகளை நட்டு, பத்தும் பிழைத்தாலும், கிடைப்பது எட்டுச் சதுர மீட்டர் நிழல். மழையைத் தாங்கி மெல்ல மண்ணுக்குள் இறக்குவது, தூசியைப் பிடித்துவைப்பது, இலைவழியே நீரை ஆவியாக்கிச் சுற்றுப்புறத்தைக் குளிர்விப்பது ஆகிய எல்லாமே இலைப்பரப்பின் அளவையும் வேர் பரவிய மண்ணின் அளவையும் பொறுத்தவை. அடிமரப் பொந்தில் கிளியும் ஆந்தையும் குடியேறுவதற்கு மரம் பல பத்தாண்டுகள் வாழ்ந்து, கிளை முறிந்து, அந்த இடம் உளுத்துப் பொந்தாக வேண்டும். கன்றின் எண்ணிக்கையைக் கூட்டி இதை ஈடுகட்ட இயலாது.

இருந்தும் ஈடுகட்டும் நடவு என்பதே நம் கொள்கைகளின் மையமாக இருக்கிறது. அதைச் சற்று நேர்மையாக்க முயன்றது மகாராஷ்டிரம். 1975ஆம் ஆண்டின் நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டத்தில் 2021இல் செய்த திருத்தத்தில், ஐம்பது வயதும் அதற்கு மேலும் உள்ள மரங்களை மரபு மரங்கள் என வகுத்து, ஒரு மரம் வெட்டப்பட்டால் அதன் வயது எத்தனையோ அத்தனை கன்றுகளை நடவேண்டும் என்று விதித்தார்கள். வயதுக்கு மதிப்புண்டு என்பதை ஒரு சட்டம் ஒப்புக்கொண்டது வரவேற்கத்தக்கதே. ஆனாலும் எண்பது வயது மரத்துக்கு ஈடான எண்பது கன்றுகளை மும்பையின் எந்தத் தெருவில் நடுவது? இடம் இல்லாதபோது கன்றுகள் நகரத்தின் விளிம்புக்குப் போகின்றன. நிழலை இழந்த தெருவுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

வெட்டாமல் வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடுவது இன்னொரு வழியாகச் சொல்லப்படுகிறது. டெல்லி அரசு 2020இல் இதையே கொள்கையாக்கி, ஒரு திட்டத்தால் பாதிக்கப்படும் மரங்களில் குறைந்தது 80 விழுக்காட்டைப் பெயர்த்து நடவேண்டும், ஓராண்டு கழித்து அவற்றில் 80 விழுக்காடு உயிரோடு இருக்கவேண்டும் என்று வரையறுத்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளையும் சேர்த்துப் பெயர்த்து நடப்பட்ட 16,461 மரங்களில் மூன்றில் ஒரு பங்குதான் பிழைத்தது என்று 2022இல் உயர் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. இதில் வியப்பில்லை. பெரிய மரத்தைப் பெயர்க்கும்போது கூட எடுத்துச்செல்ல முடிகிற மண்கட்டி, அதன் வேர் பரவிய பரப்பில் மிகச் சிறு பகுதி. நீரை உறிஞ்சும் நுண்வேர்கள் எல்லாம் விளிம்பில் இருப்பதால், அவை பழைய இடத்திலேயே அறுந்து தங்கிவிடுகின்றன. அரசமரமும் ஆலமரமும் எப்படியோ தளிர்த்துக்கொள்ளும். மற்றவை பட்டுப்போவதற்கு இரண்டு கோடைகள் போதும், அதற்குள் படம் எடுத்துச் செய்தி வெளியிட்டவர்கள் போய்விட்டிருப்பார்கள்.

மரத்துக்கு ரூபாயில் விலை குறித்தால் திட்டமிடுவோர் தயங்குவார்கள் என்று கருதுவோரும் உண்டு. மேற்கு வங்கத்தில் பாராசாத்திலிருந்து பெத்ராபோல் எல்லைவரை செல்லும் ஜெசோர் சாலையில், ரயில்வே மேம்பாலங்களுக்காக 356 மரங்களை வெட்டுவது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் அமைத்த வல்லுநர் குழு, ஒரு மரத்தின் மதிப்பை ஆண்டுக்கு 74,500 ரூபாய் என்று கணக்கிட்டு, அதை வயதால் பெருக்கவேண்டும் என்றது. அதன்படி நூறு வயதைக் கடந்த மரபு மரத்தின் மதிப்பு ஒரு கோடியைத் தாண்டக்கூடும் என்றும் சொன்னது. அந்த 74,500இல் 45,000 ரூபாய் ஆக்சிஜனுக்கு உரியது. எனக்கு இந்தக் கணக்கில் உடன்பாடு இல்லை. நகர மரத்திடமிருந்து நாம் பெறும் அருமையான பொருள் ஆக்சிஜன் அன்று. நிழலும் குளிர்ச்சியும் வெள்ளத் தணிப்பும்தான். அவற்றுக்கு அந்தத் தெருவில் மாற்று இல்லை. தவிர, விலை குறித்ததால் அந்த மரங்கள் தப்பவும் இல்லை: 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வெட்டுவதற்கு வழிவிட்டது. எந்த இடத்தில் பாலம் வரவேண்டும் என்பது முடிவான பிறகு, மரத்தின் விலை திட்டச் செலவில் ஒரு வரியாக மட்டுமே சேர்கிறது.

சட்டங்களுக்கு வருவோம். 1994ஆம் ஆண்டின் டெல்லி மரப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு வரையறை இருக்கிறது, அதைப் படிக்கும்தோறும் எனக்கு நம்பிக்கையும் ஆற்றாமையும் ஒன்றாக எழுகின்றன. மரத்தை வெட்டுதல் என்றால் என்ன என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில், அடிமரத்தை வேரிலிருந்து துண்டிப்பதும் மரத்தைப் பிடுங்குவதும் மட்டுமல்லாமல், புல்டோசரால் தள்ளுவது, பட்டையை வளையமாக உரிப்பது, கிளைகளைக் கழிப்பது, நஞ்சிடுவது, எரிப்பது, வேறு எவ்வகையிலேனும் சேதப்படுத்துவது ஆகிய எல்லாமே அடங்கும். ஆக, வேரைச் சிதைப்பதும் மரத்தை வெட்டுவதுதான் என்பதைச் சட்டம் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருக்கிறது. ஆனால் அனுமதி கேட்டு மர அலுவலரிடம் வரும் விண்ணப்பங்கள் நிற்கும் மரத்தை நீக்குவதற்காகவே வருகின்றன. கேபிள் பதிக்கக் குழி தோண்டுபவரும் நடைபாதைக்குக் கல் பதிப்பவரும் தாம் மரத்துக்கு ஏதோ செய்கிறோம் என்றே நினைப்பதில்லை.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013 ஏப்ரலில், டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தொலைவு வரையுள்ள இடத்திலிருந்து கான்கிரீட்டை அகற்றவேண்டும் என்று ஆணையிட்டது. மிகத் தேவையான ஆணை. அடிமரத்தோடு ஒட்டிச் சிமென்ட் பூசி, மரம் பருக்கும்போது அதன் பட்டையே நெரிபடும் நிலையிலிருந்து பல மரங்களை அது மீட்டது. ஆயினும் ஒரு மீட்டர் என்பது மரம் மூச்சுவிடுவதற்கான இடம்தான், வாழ்வதற்கான இடம் ஆகாது. பிரிட்டனில் கட்டுமானப் பணிகளுக்குப் பயன்படும் தர விதி வேறு விதமாகக் கணக்கிடுகிறது: தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து, அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் வரும் ஆரம்தான் வேர்ப் பாதுகாப்பு வட்டம். 80 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரத்துக்கு ஆரம் 9.6 மீட்டர், பரப்பு ஏறத்தாழ 290 சதுர மீட்டர். அதே மரத்துக்கு ஒரு மீட்டர் கணக்கு தருவது சுமார் 6 சதுர மீட்டர். நம் தெருக்கள் குறுகியவை, 290 சதுர மீட்டரை அப்படியே விட்டுவைக்க முடியாது என்பது உண்மை. ஆனால் அந்த வட்டத்தைத் தாளில் வரைந்துவிட்டால், அதற்குள் எது நடந்தாலும் யோசித்துத்தான் நடக்கவேண்டும் என்றாகிவிடும்: அங்கே எந்திரம் இறங்காது, கையால் தோண்டவேண்டும், மண்ணையும் ஜல்லியையும் குவிக்கக் கூடாது, பருத்த வேர் தென்பட்டால் குழாயை அதற்கு அடியில் நுழைத்துக் கொண்டுசெல்ல வேண்டும்.

ஆணிவேர் ஆழமாக இறங்கி மரத்தைத் தாங்குகிறது என்ற பள்ளிக்கூடப் படம் நம்மை வழிதவறச் செய்திருக்கிறது. முதிர்ந்த நகர மரத்தின் வேர்களில் மிகப் பெரும்பகுதி, காற்றும் ஈரமும் உள்ள மேல்மண்ணில், ஒரு மீட்டருக்குள்ளேயே கிடைமட்டமாகப் பரவியிருக்கும். கவிகையின் விளிம்பையும் கடந்து போகும். வடிகாலும் குடிநீர்க் குழாயும் தொலைத்தொடர்புக் கேபிளும் பதிக்கப்படுவதும் அதே ஒரு மீட்டருக்குள்தான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, நகரெங்கும் ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. மறுநாள் தெருக்களில் நடந்தவர்கள் அந்த வேர்களைப் பார்த்திருப்பார்கள்: தட்டையான தட்டைப்போல, சாலைப் பக்கம் கத்தரித்து எடுத்ததுபோல, பழைய வெட்டுத் தழும்புகளோடு மேலெழுந்து நின்றன. அப்போது பெரும்பாலான பேச்சு, அயல் மரங்கள் விழுந்தன, நாட்டு மரங்களை நடவேண்டும் என்பதாக அமைந்தது. எந்த மரம் என்பது முக்கியமான கேள்வியே. ஆனால் அதன் ஒரு பக்கத்து வேர்களை யார், எந்த ஆண்டு, எந்த வேலைக்காக அறுத்தார்கள் என்ற கேள்வி கேட்கப்படவே இல்லை. அதற்கான பதிவேடும் நம்மிடம் இல்லை.

பதிவேடு என்றதும் நினைவுக்கு வருவது நம் நெடுஞ்சாலைப் புளியமரங்கள். அடிமரத்தில் பட்டை தீட்டி எண் எழுதியிருப்பார்கள். ஆண்டுதோறும் மகசூல் ஏலம் போகும். வருமானம் தரும் மரம் என்பதால் அது கணக்கில் இருந்தது. நான்குவழிச் சாலைகளுக்காக அவற்றை வெட்டியபோதும் எத்தனை வெட்டினோம் என்றாவது சொல்ல முடிந்தது. நகரத் தெருவில் நிற்கும் மரத்துக்கு அந்த எண்கூடக் கிடையாது. மகாராஷ்டிரச் சட்டம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மரக் கணக்கெடுப்பைக் கட்டாயமாக்கியிருப்பதால், மும்பையில் ஏறத்தாழ 29.75 லட்சம் மரங்கள் உள்ளன என்று சொல்ல முடிகிறது. சென்னையைப் பற்றி நாம் அடிக்கடி மேற்கோள் காட்டும் எண் வேறு வகையானது: இந்திய வன நிலை அறிக்கையின்படி 2011க்கும் 2021க்கும் இடையில் சென்னையின் வனப் பரப்பு சுமார் 18 சதுர கிலோமீட்டரிலிருந்து 22.7 சதுர கிலோமீட்டராக உயர்ந்தது. செயற்கைக்கோள் படத்தில் ஒரு ஹெக்டேருக்குக் குறையாத திட்டுகளையே அந்த வரையறை கணக்கில் கொள்கிறது. தனித்து நிற்கும் தெரு மரம் அதில் இல்லை. அது விழுந்தாலும் அந்த எண் அசையாது.

திட்டமிடலின் தொடக்கத்திலேயே மரத்தைச் சேர்த்துக்கொண்ட நகரத்துக்கு எடுத்துக்காட்டு சிங்கப்பூர். நாம் அறிந்த அதே தூங்குமூஞ்சி மரங்கள்தாம் சாங்கி விமான நிலையத்திலிருந்து நகருக்குள் செல்லும் சாலையின் இருபுறமும் கவிந்து நிற்கின்றன. 1991இல் அங்கே இரண்டு பகுதிகள் மரப் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. அவற்றுக்குள்ளும், பிற இடங்களில் காலி நிலங்களிலும், ஒரு மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தைத் தனியார் நிலமானாலும் அனுமதியின்றி வெட்ட முடியாது. 2001இல் மரபு மரங்கள் திட்டம் வந்தது. ஐந்து சாலைகள் மரபுச் சாலைகளாக அறிவிக்கப்பட்டு, இருபுறமும் பசுமைப் பட்டை ஒதுக்கப்பட்டது. இவற்றைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, சாலையை வடிவமைக்கும்போதே மரவரிசைக்கான மண்பட்டையை, வண்டிப்பாதைக்கும் நடைபாதைக்கும் இணையான ஓர் உறுப்பாக ஒதுக்கிவிடுவது. அங்கே மரம் மிச்ச இடத்தில் நிற்பதில்லை.

சிங்கப்பூரின் சூழலை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. பெரும்பகுதி நிலம் அரசிடம் உள்ள, ஒரே அரசு எல்லாவற்றையும் நடத்தும் நகரம் அது. அங்கேயும் துயரம் நேர்ந்திருக்கிறது. 2017 பிப்ரவரியில் தாவரவியல் பூங்காவில் 270 ஆண்டுப் பழமையான, மரபு மரமாகப் பேணப்பட்ட தெம்புசு மரம் ஒன்று சாய்ந்து ஒரு பெண் உயிரிழந்தார். முதிர்ந்த மரங்களைக் காக்கவேண்டும் என்று சொல்பவர்கள் இதைத் தவிர்த்துவிட்டுப் பேசக்கூடாது. மரம் விழும், விழுந்தால் ஆள் சாகலாம். இதற்கு விடை, வயதான எல்லாவற்றையும் முன்கூட்டியே வெட்டிவிடுவதும் அன்று, எதையும் தொடாதே என்பதும் அன்று. குறிப்பிட்ட கால இடைவெளியில் பயிற்சி பெற்றவர் நேரில் வந்து அடிமரத்தைத் தட்டிப் பார்த்து, உளுத்த கிளையைக் கழித்து, பாரம் ஒருபக்கம் சாயாமல் கவாத்து செய்து, அதைப் பதிவேட்டில் எழுதிவைப்பதுதான். மின்கம்பியில் படுகிறது என்று பருவமழைக்கு முன் ஒரே பக்கத்தை மொட்டையடித்துவிட்டுப் போகும் நம் வழக்கம், மரத்தை அதே பருவமழையில் எதிர்ப்பக்கம் சாய்க்கும் வழியாகிறது.

மரங்களை மறந்துவிட்டுச் செய்த ஓர் ஒப்பந்தம் ஒரு நகரத்தை எங்கே கொண்டு நிறுத்தும் என்பதற்கு இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரமே சான்று. 2012இல் அந்நகர மன்றம் தன் சாலைகளைப் புதுப்பித்துப் பராமரிக்க ஒரு தனியார் நிறுவனத்தோடு 25 ஆண்டு ஒப்பந்தம் செய்தது. நகரின் ஏறத்தாழ 36,000 தெரு மரங்களில் 17,500 மரங்களை நீக்கி வேறு நடுவது என்ற எண் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தது. வேர் நடைபாதையைச் சற்றுத் தூக்கியிருந்தாலும், ஓரக்கல் நேர்க்கோட்டில் நில்லாவிட்டாலும், நலமாக இருந்த மரங்களும் நீக்கும் பட்டியலில் சேர்ந்தன. 2016 நவம்பர் 17 அன்று விடியுமுன், ரஸ்ட்லிங்ஸ் சாலையில் காவலர்கள் கதவைத் தட்டி, வண்டிகளை அகற்றச் சொல்லி மக்களை எழுப்பினார்கள். பொழுது புலர்வதற்குள் எட்டு மரங்கள் வெட்டப்பட்டன, ஓய்வூதிய வயதைக் கடந்த இருவர் உட்படச் சிலர் கைது செய்யப்பட்டனர். சுமார் 5,600 மரங்கள் போனபிறகு, 2018இல் வேலை நிறுத்தப்பட்டது. மார்க் லோகாக் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2023 மார்ச்சில் வெளிவந்து, நலமான ஆயிரக்கணக்கான மரங்கள் இழக்கப்பட்டன என்பதைப் பதிவு செய்தது. நகர மன்றம் மன்னிப்புக் கேட்டது. வளைந்துகொடுக்கும் நடைபாதைப் பூச்சு, ஓரக்கல்லை மரத்தைச் சுற்றி விலக்கி அமைப்பது என்று எளிய மாற்று வழிகள் இருந்தும் அவை போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை என்பதுதான் அந்தக் கதையில் என்னை மிகவும் உறுத்துவது. பிரிட்டனில் 1947 முதல் மரப் பாதுகாப்பு ஆணை என்ற சட்ட வழி உண்டு. அந்த ஆணையைப் பிறப்பிக்கவேண்டிய உள்ளாட்சியே மரத்தை நீக்க ஒப்பந்தம் போட்டிருந்தால் அது யாரைக் காக்கும்?

இந்தக் கேள்வி நமக்கும் உரியது. தமிழ்நாட்டில் மலைப்பகுதி மரங்களுக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. டெல்லிக்கும் மகாராஷ்டிரத்துக்கும், 1976 முதல் கர்நாடகத்துக்கும் இருப்பதுபோல, நகர மரங்களுக்கென ஒரு முழுமையான சட்டம் இல்லாமலே நாம் பல பத்தாண்டுகளைக் கழித்துவிட்டோம். பொது நிலங்களில் மரம் வெட்டுவதை ஆராய மாவட்ட ஆட்சியர் தலைமையில் பசுமைக் குழுக்கள் அமைக்கப்பட்டிருப்பது நல்ல முன்னேற்றம். 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் வனமும் மரங்களும் சேர்ந்த பரப்பை 33 விழுக்காட்டுக்கு உயர்த்த இலக்கு வைத்திருக்கிறது. ஆனால் அந்த இலக்கு நடவைச் சார்ந்தது, குழு வெட்டுவதைச் சார்ந்தது. இடையில் நிற்கும் மரத்தின் காலடி மண் யாருடைய பொறுப்பிலும் இல்லை.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று இருக்கிறது. சாலை, வடிகால், குழாய், கேபிள் என எந்தப் பணிக்கும் ஒப்பந்தப்புள்ளி கோருமுன், அந்த வழித்தடத்தில் ஒரு மீட்டர் சுற்றளவுக்கு மேல் உள்ள ஒவ்வொரு மரத்தையும் அளந்து, எண்ணிட்டு, வேர் வட்டத்தோடு வரைபடத்தில் காட்டவேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும். வட்டத்துக்குள் கையால் தோண்டுவதற்கு விலைப்பட்டியலில் தனி இனமும், வேரைச் சிதைத்தால் பிடித்தம் செய்ய ஒரு தொகையும் இருந்தால், மேற்பார்வையாளருக்கும் ஜேசிபி ஓட்டுநருக்கும் அந்த மரம் கண்ணில் படும். இப்போது கையால் தோண்டினால் ஒப்பந்ததாரருக்கு நட்டம். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. கட்டட அனுமதிக்கும் இதே முறை பொருந்தும்: மனையில் நிற்கும் முதிர்ந்த மரத்தைக் காப்பாற்றும் வகையில் கட்டடத்தைச் சற்று நகர்த்துபவருக்குப் பக்க இடைவெளியிலோ வண்டி நிறுத்துமிடக் கணக்கிலோ சலுகை தரலாம். இன்று அப்படி நகர்த்த விரும்பும் வீட்டுக்காரருக்கும் விதி இடம் தருவதில்லை.

வடிகால் வேலை முடிந்து, மேலே கான்கிரீட் பலகை மூடி, ஓராண்டுக்கு மேலாகிறது. இந்தப் பங்குனியில் தூங்குமூஞ்சி தளிர்விட்டபோது, தெருப்பக்கம் நீண்டிருந்த பெரிய கவையில் மட்டும் இலை வரவில்லை. இஸ்திரி போடுபவர் முதலில் வண்டியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி நிறுத்திப் பார்த்தார். பிறகு நான்கு கழி நட்டு, மேலே நீலத் தார்ப்பாய் கட்டிக்கொண்டார்.